சி மொழியில் முடிவிலியைக் கையாள்வது எப்படி?

பட்டியலில் மிகச் சிறிய எண்ணைத் தேட நிரல் எழுதும்போது, தொடக்க மதிப்பாக 99999 என்று போட்டுவைப்பது பலருடைய வழக்கம். பட்டியலில் இருப்பவை எல்லாமே அதைவிடப் பெரிய எண்கள் என்றால்? பட்டியலிலேயே இல்லாத 99999 விடையாக வந்து நிற்கும். அந்த இடத்தில் வைக்க வேண்டியது முடிவிலி.

முதல் வேலை, மேத் டாட் எச் கோப்பை இன்க்ளூட் செய்வது. பிறகு டபுள் வகையில் ஒரு மாறியை அறிவித்து, இன்ஃபினிட்டி என்ற மேக்ரோவை அதற்குக் கொடுங்கள். எல்லாம் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். சி99 தரத்தில் வந்த மேக்ரோ இது.

அடுத்து, அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. தசம எண்களைக் கணினியில் வைக்கும் முறைக்காக 1985-இல் வந்த ஐஇஇஇ 754 தரப்படி, டபுளைவிடச் சிறிய தசம எண் வகையான ஃப்ளோட்டின் 32 பிட்டில் குறிக்கு 1, அடுக்குக்கு 8, பின்னத்துக்கு 23. அடுக்கின் 8 பிட்டும் 1, பின்னத்தின் 23 பிட்டும் 0 என்றால் அது முடிவிலி. குறி பிட் 1 ஆனால் கழித்தல் முடிவிலி. பின்னத்தில் ஒரே ஒரு பிட் 1 ஆகிவிட்டாலும் அது முடிவிலி இல்லை. என்ஏஎன், அதாவது எண்ணே அல்லாதது.

இப்போது ஒன்று செய்து பாருங்கள். ஃப்ளோட்டின் உச்ச மதிப்பு சுமார் 3.4 × 10³⁸. அதோடு 1-ஐக் கூட்டி ஃப்ளோட் மாறியில் வையுங்கள். முடிவிலி வராது, மதிப்பு அசையவே அசையாது! அந்த உயரத்தில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 2¹⁰⁴. அதில் 1 எந்த மூலைக்கு? அதே எண்ணை 2-ஆல் பெருக்குங்கள், முடிவிலி வந்துவிடும். 1.0-ஐ 0.0-ஆல் வகுத்தாலும் இந்தத் தரத்தைப் பின்பற்றும் கணினிகளில் முடிவிலிதான். முழு எண்ணில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அங்கே 1-ஐ 0-ஆல் வகுத்தால் என்ன நடக்கும் என்று சி மொழி வரையறுக்கவில்லை. முடிவிலியை இன்ட் ஆக மாற்றுவதும் அப்படித்தான்.

ஒரு மதிப்பு முடிவிலியா என்று சோதிக்க ஐஸ்இன்ஃப் இருக்கிறது. கழித்தல் முடிவிலிக்கும் அது உண்மை என்றே சொல்லும் என்பதால், குறியைத் தனியாகப் பாருங்கள். முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழித்தால் 0 வரும் என்று நினைக்க வேண்டாம், என்ஏஎன் வரும். அது தனக்கே சமமில்லாதது, ஆகவே ஐஸ்நேன் கொண்டு பிடியுங்கள்.

ஜிசிசி என்ற கம்பைலரில் வேகத்துக்காக ஃபாஸ்ட் மேத் ஆப்ஷனைப் போட்டிருந்தால், முதலில் அதை எடுத்துவிடுங்கள். முடிவிலியே வராது என்று கம்பைலர் எடுத்துக்கொண்டு, இந்தச் சோதனைகளையே நீக்கிவிடக்கூடும்.