ரிக்கி மெக்கார்மிக் துண்டுச்சீட்டுகள்: புதிதாக உட்காருகிறவர் எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இந்தச் சீட்டுகளின் சங்கேதத்தை உடைத்துப் பொருள் கண்டுபிடிக்கவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை வீணாக்கிவிட்டு, நாலாவது ஞாயிறுதான் ஒழுங்காக எண்ணக் கற்றுக்கொண்டேன். அந்த மூன்று நாள் உங்களுக்காவது மிச்சமாகட்டும்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1999 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், செயின்ட் சார்லஸ் கவுண்டியில் ஒரு சோளக்காட்டில் 41 வயது ரிக்கி மெக்கார்மிக்கின் உடல் கிடைத்தது. சிதைந்து போயிருந்ததால் எப்படி இறந்தார் என்று உறுதி செய்ய முடியவில்லை. பேன்ட் பாக்கெட்டில் இரண்டு துண்டுச்சீட்டுகள், ஆங்கில எழுத்தும் எண்ணும் கோடும் அடைப்புக்குறியுமாக முப்பது வரிக்கு மேல். தன் சங்கேதப் பிரிவாலும், சங்கேதப் புதிர் ஆர்வலர்களின் சங்கமான அமெரிக்கன் கிரிப்டோகிராம் அசோசியேஷனாலும் அதைப் படிக்க முடியாமல் போகவே, 2011 மார்ச்சில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. பொதுமக்களிடம் உதவி கேட்டது. அதிலிருந்து உலகமே பென்சிலைத் தூக்கிக்கொண்டு அலைகிறது, கிருஷ்ணகிரியில் நானும்.

படி 1: சீட்டை நீங்களே படியெடுங்கள்

நான் விழுந்த பள்ளம் இதுதான். யாரோ தட்டச்சு செய்து வைத்திருந்ததை அப்படியே நகலெடுத்து மூன்று வாரம் எண்ணினேன். பிறகு அசல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், தட்டச்சில் ஆங்கில 'சி' என்று இருந்த சில இடங்கள் என் கண்ணுக்கு 'இ' மாதிரி தெரிந்தன. போச்சு, அத்தனை எண்ணிக்கையும் குப்பை.

எஃப்.பி.ஐ. வெளியிட்ட படத்தை மட்டும் எடுங்கள். நான் ரவுண்டானா பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஏ3 அளவில் அச்செடுத்தேன். நீங்கள் ஒரு படி எழுதுங்கள், வீட்டில் இன்னொருவரை உங்கள் படியைப் பார்க்காமல் தனியாக எழுதச் சொல்லுங்கள். எனக்கு என் தங்கை எழுதிக் கொடுத்தாள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். புள்ளி வைத்த எழுத்தை முதல் சுற்றில் எண்ணவும் வேண்டாம்.

படி 2: எண்ணுங்கள்

ஒவ்வொரு எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டு, பென்சில். அதன்பிறகு லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற அட்டவணை மென்பொருள். தானாக விடை தரும் இணையதளங்களின் பக்கம் இப்போது போகாதீர்கள். எதைப் போட்டாலும் எதையாவது துப்பும், நாமும் அதை நம்பிவிடுவோம்.

படி 3: ஒத்துவரும் விகிதம்

பேர்தான் பயமுறுத்தும். ஒரு கூடையில் பெங்களூரா, செந்தூரா, நீலம் என்று மூன்று ரக மாங்காய் கலந்து கிடக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு காய் எடுத்தால் இரண்டும் ஒரே ரகமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? கூடையில் பெங்களூராவே அதிகம் என்றால் வாய்ப்பும் அதிகம். எழுத்துக்கும் இதே கணக்குதான். ஒவ்வொரு எழுத்தும் எத்தனை முறை வருகிறதோ அந்த எண்ணை, அதில் ஒன்று குறைத்த எண்ணால் பெருக்குங்கள். எல்லாவற்றையும் கூட்டுங்கள். மொத்த எழுத்து எண்ணிக்கையையும் இதேபோல ஒன்று குறைத்துப் பெருக்கி, அதனால் கூட்டலை வகுங்கள்.

சாதாரண ஆங்கிலத்துக்கு 0.067 பக்கம் வரும். 26 எழுத்தும் சமமாகச் சிதறிக் கிடந்தால் 0.038. ஒரு எழுத்துக்குப் பதில் வேறொரு எழுத்து என்று மாற்றும் எளிய சங்கேதத்தில் இந்த எண் மாறவே மாறாது, ரகத்தின் பேரை மாற்றினாலும் கூடை அதே கூடைதானே! முதலில் ஆங்கிலப் பேப்பரில் ஒரு பத்தியை நீங்களே மாற்றி எழுதிப் பழகுங்கள். சீட்டுகளுக்கு எனக்கு வந்த எண்ணை இங்கே போடப் போவதில்லை, போட்டால் நீங்கள் எண்ண மாட்டீர்கள்.

படி 4: இது சங்கேதம்தானா?

என் தாத்தா மாங்காய் மண்டியில் கணக்கு எழுதியவர். அவர் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க 'பெ 71 கு', 'செ 40 மீ' என்று ஓடும். வெளியாள் பார்த்தால் பரம ரகசியம். பாட்டியிடம் காட்டினேன். "பெங்களூரா 71 கூடை, குத்தகைத் தோப்புது. இதுக்குப் போயி மண்டைய ஒடச்சிக்கிட்டிருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அதில் மறைப்பு எதுவும் கிடையாது, அவசரத்துக்கு எழுதிய சுருக்கம்.

மெக்கார்மிக் சீட்டிலும் 71, 74, 75 என்ற எண்களுக்குப் பின்னால் என்-சி-பி-இ என்ற அதே நாலெழுத்து வருகிறது. நிறையத் துண்டுகள் எஸ்-இ என்றே முடிகின்றன. எழுத்துக்கு எழுத்து மாற்றிய ஆங்கிலம் இப்படி முடிந்துகொண்டே இருக்காது. அவர் சின்ன வயதிலிருந்தே இப்படி எழுதுவார் என்றது எஃப்.பி.ஐ. பின்னாளில் குடும்பத்தார் பத்திரிகையிடம் சொன்னதோ அதற்கு நேர்மாறு. ஆகவே தனிச் சுருக்கெழுத்து என்பதையும் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள். என் சாய்வு அந்தப் பக்கம்தான். அப்படியானால் எந்த எழுத்துக்கு எது என்று சொல்லும் திறவுகோல் என்று ஒன்று இருக்காது, பாட்டி மாதிரி ஓர் ஆள்தான் தேவைப்படும்.

படி 5: விடை கிடைத்துவிட்டதா? கொஞ்சம் பொறுங்கள்

எளிய மாற்றுச் சங்கேதத்தில் சுமார் 28 எழுத்தாவது இருந்தால்தான் ஒரே விடை என்று நம்பலாம். அதற்குக் கீழே ஒரே துண்டிலிருந்து பத்து பேர் பத்து வாக்கியம் எடுக்கலாம். எனக்கு வரும் 'விடை'களில் பாதி இந்த ரகம்: முதல் வரிக்கு ஒரு விதி, அடுத்த வரிக்கு வேறு விதி, மூன்றாவதில் 'இங்கே எழுத்துப்பிழை' என்று சமாதானம்.

பத்திரிகைகளுக்குச் சங்கேதக் கடிதம் அனுப்பிய அமெரிக்கத் தொடர்கொலைகாரன் சோடியாக்கின் 340 எழுத்துக் கடிதத்தைப் பாருங்கள். 51 வருஷம் கழித்து 2020 டிசம்பரில் உடைத்தவர்கள் மூன்று அமெச்சூர்கள்: அமெரிக்கர் டேவிட் ஓரஞ்சாக், ஆஸ்திரேலியர் சாம் பிளேக், பெல்ஜியத்தின் யார்ல் வான் ஐக்கே. எழுத்துகள் மூலைவிட்டமாகக் கலைத்துப் போடப்பட்டிருந்தன. அவர்கள் கண்டுபிடித்த திறவுகோலை யார் போட்டுப் பார்த்தாலும் அதே செய்திதான் வரும், எஃப்.பி.ஐ.யும் ஒப்புக்கொண்டது. ஐக்கே எழுதிய, சங்கேதம் உடைக்கும் ஏஇசட்டிகிரிப்ட் மென்பொருள் இலவசம். படி 3 கைவந்த பிறகு இறக்கிக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: பழகுவதற்குத் தமிழ்ப் பத்தியை எடுத்த தருமபுரி வாசகர் ஒருவர், 'கி' இரண்டு எழுத்தாக எண்ணப்படுகிறதே என்று கேட்டிருந்தார். சரிதான். கணினிக்கு க தனி, கொக்கி தனி, மெய்யெழுத்தின் புள்ளியும் தனி. கால்க் அப்படித்தான் எண்ணும். பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்கள் ஓப்பன்-தமிழ் நிரலகத்தில் பிரித்துக்கொள்ளலாம், மற்றவர்களுக்குக் கட்ட நோட்டுதான். இன்னொன்று, 0.067 ஆங்கிலத்துக்கான எண். தமிழை அதோடு ஒப்பிடாதீர்கள். நாலைந்து பக்கத் தமிழை எண்ணி உங்கள் அளவுகோலை நீங்களே செய்துகொள்ளுங்கள்.