ஹாகிஸ் விருந்தை வீட்டிலேயே சமைக்கும் முறை

ஸ்காட்லாந்தில் ஆண்டுதோறும் ஜனவரி 25 அன்று, கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாளையொட்டி நடைபெறும் இரவு விருந்தின் நடுநாயகம் ஹாகிஸ். ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல் ஆகியவற்றை வேகவைத்துப் பொடியாக நறுக்கி, ஓட்ஸ், கொழுப்பு, வெங்காயம், மிளகு ஆகியவற்றோடு கலந்து, ஆட்டின் இரைப்பைக்குள் அடைத்து மீண்டும் வேகவைப்பதே இந்தப் பதார்த்தம். இதனுடன் நீப்ஸ் எனப்படும், மஞ்சள் சதையுள்ள டர்னிப் வகையின் மசியலும், டாட்டிஸ் எனப்படும் உருளைக்கிழங்கு மசியலும் தட்டில் சேரும். மூன்றும் எளிய பொருள்கள்தாம். எனினும் ஹாகிஸ் வறண்டுபோனாலோ, மசியல்களில் நீர் தேங்கினாலோ உண்பவர் முகம் சுளிப்பார். ஆகவே இந்தச் சமையல் முழுவதிலும் கவனிக்க வேண்டியது ஈரப்பதம் ஒன்றே.

முதலில், ஹாகிஸை வாங்குவதா, வீட்டிலேயே செய்வதா என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். ஸ்காட்லாந்திலேயே பெரும்பாலான குடும்பங்கள் அதை இறைச்சிக் கடையிலிருந்தோ பேரங்காடியிலிருந்தோ வாங்கித்தான் உண்கின்றன. எனவே வாங்குவதில் குறை எதுவும் இல்லை. கடையில் கிடைப்பது ஏற்கெனவே முழுமையாக வெந்தது; அதைச் சூடாக்கினால் போதும். இறைச்சி உண்ணாதவர்களுக்காகப் பயறு, காய்கறி, கொட்டை, ஓட்ஸ் சேர்த்துச் செய்த ஹாகிஸும் பரவலாக விற்கப்படுகிறது. அதன் மிளகுக் காரமும் ஓட்ஸின் குருணைத்தன்மையும் அசலுக்கு வியக்கத்தக்க அளவு நெருங்கி வருகின்றன. அமெரிக்காவில் இருப்பவர்கள் மட்டும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: அங்கே விலங்குகளின் நுரையீரலை உணவாக விற்பது 1971 முதல் தடைசெய்யப்பட்டிருப்பதால், கடையில் வாங்கினாலும் வீட்டில் செய்தாலும் நுரையீரல் இல்லாத ஹாகிஸ்தான் கிடைக்கும்.

வாங்கிய ஹாகிஸ் 500 கிராம் எடையுள்ளதாக இருந்தால் மூன்று பேருக்குப் போதுமானது. வெளியே பிளாஸ்டிக் உறை இருந்தால் அதை நீக்கிவிட்டு, அலுமினியத் தாளில் இறுக்கமாகச் சுற்றி, அடியில் விரலளவு நீர் ஊற்றிய அடுப்புத் தட்டில் வைத்து, 180 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள அவனில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் சூடாக்குங்கள். தாளுக்கும் நீருக்கும் ஒரே நோக்கம்தான்: உள்ளிருக்கும் ஈரம் வெளியேறக் கூடாது. நீரில் இட்டுச் சூடாக்க விரும்புவோர் தண்ணீரைக் கொதிக்கவிடாமல், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வைத்திருக்க வேண்டும். தளதளவென்று கொதித்தால் உறை வெடித்து, உள்ளிருப்பதெல்லாம் கஞ்சியாகக் கரைந்துவிடும். மீண்டும் சூடாக்கும் உணவின் நடுப்பகுதி 82 டிகிரியை எட்ட வேண்டும் என்பது ஸ்காட்லாந்தின் உணவகங்களுக்கான விதி. வெப்பமானி வைத்திருப்பவர்கள் வீட்டிலும் அந்த அளவையே பின்பற்றுவது நல்லது. மைக்ரோவேவ் அடுப்பிலும் சூடாக்கலாம். ஆனால் அதற்கு உறையைக் கிழித்துக் கலவையை வெளியே எடுக்க வேண்டியிருப்பதால், விருந்தினர் முன்னிலையில் ஹாகிஸை வெட்டும் சடங்கு இல்லாமல் போய்விடும்.

முழுக்க வீட்டிலேயே செய்வதென்றால் இரண்டு நாள் வேலை. இதயம், ஈரல், நுரையீரல் மூன்றும் மூச்சுக்குழாயோடு ஒன்றாக இணைந்த தொகுப்பாகவே தேவைப்படுவதால், இறைச்சிக் கடைக்காரரிடம் சில நாள்களுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். இரைப்பையை நன்றாகச் சுரண்டிக் கழுவி, உப்பு கலந்த குளிர்ந்த நீரில் முதல் நாள் இரவே ஊறவையுங்கள். அதே மாலையில் உறுப்புகளைக் கழுவி ஒரு பெரிய பாத்திரத்தில் இட்டு, மூச்சுக்குழாயின் நுனியைப் பாத்திரத்தின் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, அதன் கீழே ஒரு கிண்ணத்தை வைக்க வேண்டும். நுரையீரல் வேகும்போது அதனுள்ளிருந்து நுரையும் சளியும் அந்தக் குழாய் வழியே கிண்ணத்தில் இறங்கும். பார்ப்பதற்கு அருவருப்பாக இருக்கும் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் இதைத் தவிர்த்தால் அந்தக் கசடு முழுவதும் சாற்றிலேயே கலந்துவிடும், அந்தச் சாறோ பின்னர் நமக்குத் தேவை. மெல்லிய தீயில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வேகவைத்து, ஆறியபின் உறுப்புகளையும் சாற்றையும் தனித்தனியே குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

மறுநாள் மூச்சுக்குழாய், தடித்த நரம்புகள், குருத்தெலும்பு ஆகியவற்றை வெட்டி எறிந்துவிட்டு, இதயத்தையும் நுரையீரலையும் கத்தியால் பொடியாக நறுக்க வேண்டும். மிக்சியில் இட்டால் கூழாகிவிடும். ஈரலைத் துருவிச் சேர்ப்பது வழக்கம். முழுவதையும் சேர்த்தால் அதன் கசப்பு மற்றச் சுவைகளை விழுங்கிவிடும் என்பதால் பாதி ஈரலோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. ஓட்ஸைப் பொறுத்தவரை, தட்டையாக நசுக்கப்பட்ட காலை உணவு ஓட்ஸ் இதற்குச் சற்றும் உதவாது. தானியத்தைக் குருணையாக உடைத்த கரடான ஓட்ஸே வேண்டும். ஓர் ஆட்டின் உறுப்புகளுக்கு 300 முதல் 450 கிராம் வரை ஓட்ஸை எடுத்து, வெறும் வாணலியில் இளஞ்சிவப்பாகி மணம் வரும்வரை வறுத்துக்கொள்ளுங்கள். ஹாகிஸுக்கே உரிய அந்தக் கொட்டை போன்ற மணம் இந்த வறுவலிலிருந்து வருவதால் இதில் அவசரம் கூடாது.

வறுத்த ஓட்ஸோடு நறுக்கிய உறுப்புகள், சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கெட்டியான கொழுப்பைத் துருவியது 225 கிராம், பொடியாக நறுக்கிய பெரிய வெங்காயம் மூன்று, ஒரு மேசைக்கரண்டி உப்பு, இரண்டு தேக்கரண்டி மிளகுத்தூள், ஒரு தேக்கரண்டி கொத்தமல்லி விதைப் பொடி, சாதிக்காயும் சாதிபத்திரியும் அரைத் தேக்கரண்டி வீதம் சேர்த்துக் கலந்து, எடுத்துவைத்த சாற்றைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். அரை லிட்டருக்குச் சற்று அதிகமாகவே தேவைப்படும். கையில் அள்ளினால் உருண்டையாக நிற்காமல் தளர்ந்து சரிய வேண்டும். ஓட்ஸ் வேகும்போது அந்த ஈரத்தைத் தானே குடித்துக்கொள்ளும்.

இரைப்பையின் சொரசொரப்பான பக்கம் வெளியே இருக்குமாறு திருப்பி, பாதிக்குச் சற்று மேல் மட்டும் நிரப்புங்கள். ஓட்ஸ் ஊதிப் பெருக்க இடம் வேண்டும். உள்ளிருக்கும் காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, கெட்டியான பருத்தி நூலால் வாயைத் தைத்துவிடுங்கள். பாத்திரத்தின் அடியில் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் ஹாகிஸை வைத்தால் அடிப்பிடிக்காது. நீர் சூடேறி உறை உப்பத் தொடங்கியதும் ஊசியால் சில இடங்களில் குத்திவிட வேண்டும். பிறகு மெல்லிய தீயில் மூன்று மணி நேரம் வேகட்டும். நீர் குறையும்போதெல்லாம் கொதிநீரையே ஊற்றுங்கள். இரைப்பை கிடைக்காவிட்டால் மாட்டின் பெருங்குடல் உறையைப் பயன்படுத்தலாம். அதுவும் இல்லையென்றால் கிண்ணத்தில் நிரப்பித் தாளால் மூடி, அதே நேரம் ஆவியில் வேகவைக்கலாம்.

ஹாகிஸ் தயாராக முக்கால் மணி நேரம் இருக்கும்போது நீப்ஸைத் தொடங்குங்கள். இதன் தோல் தடிமனானது. கத்தியால் ஆழமாகவே சீவிவிட்டு, சிறு துண்டுகளாக்கி, உப்புநீரில் 25 நிமிடங்கள் வரை வேகவையுங்கள். நீரை வடித்தபின் மீண்டும் அடுப்பில் வைத்து, மீதமுள்ள ஈரம் ஆவியாகும்வரை கிளறிவிட வேண்டும். பலரும் தவறவிடும் படி இதுதான். பின்னர் வெண்ணெயும் தாராளமாக மிளகும் சேர்த்து மசித்தால் போதும். உருளைக்கிழங்கில் மாவுத்தன்மை மிகுந்த மாரிஸ் பைப்பர், கிங் எட்வர்ட் போன்ற வகைகளைத் தேர்ந்தெடுத்துக் குளிர்ந்த நீரிலிருந்தே வேகவைத்து, வடித்து உலர்த்தி, சூடான பாலும் வெண்ணெயும் சேர்த்து மசியுங்கள். இரண்டையும் ஒன்றாக மசித்தால் ஆர்க்னி தீவுகளின் கிளாப்ஷாட் கிடைக்கும்.

பர்ன்ஸ் விருந்தில் ஹாகிஸ், பேக்பைப் எனப்படும் காற்றுப்பை இசைக்குழலின் இசையோடு மேசைக்கு வரும். அதை வாழ்த்தி அவர் 1786இல் எழுதிய கவிதையை ஒருவர் படித்து, கத்தியைப் பற்றிய வரி வந்ததும் ஹாகிஸைக் கீறுவார். உள்ளே அடைபட்ட ஆவி பீறிட்டுச் சட்டையில் தெறிக்கக்கூடும் என்பதால், மேசைக்கு எடுத்துச் செல்லும் முன்பே அடுப்படியில் ஒரு சிறு கீறல் போட்டு வைப்பது விவேகம். தட்டில் மூன்றையும் சூடாகத் தனித்தனிக் குவியல்களாகப் பரிமாறுங்கள், உறையை உண்பதில்லை. உணவகங்கள் பாலேடும் விஸ்கியும் சேர்த்துக் காய்ச்சிய குழம்பை ஊற்றித் தருகின்றன. சுவையானதுதான், ஆனால் ஈரம் சரியாக அமைந்த ஹாகிஸுக்கு அது தேவைப்படாது. மது அருந்துவோருக்கு விஸ்கியைத் தனிக் குவளையில் வைத்தாலே போதும்.

மிஞ்சியதை ஆறியவுடன் மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து இரண்டு நாள்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். கெட்டியான ஹாகிஸை விரல்கடை தடிமனில் வில்லைகளாக வெட்டி, வெண்ணெயில் இருபுறமும் மொறுமொறுப்பாகும்வரை பொரித்து, முட்டையோடு காலை உணவாக உண்ணலாம். கோழி நெஞ்சுக்கறிக்குள் அடைத்து, பேக்கன் சுற்றி அவனில் சுட்டால் அது பால்மோரல் சிக்கன்.