செருப்புக் காவலுக்குக் கை தூக்குங்கள்

34 வருடம் கணக்கு வாத்தியார். அதில் கடைசி 7 வருடம் தலைமையாசிரியர். ஓய்வு பெற்ற பிறகும், பால் பாக்கெட் வாங்கப் போனால் கடைக்காரர் வணக்கம் சொன்னாரா இல்லையா என்று மனசு கணக்கு வைத்துக்கொண்டே இருக்கும். அதைக் கொஞ்சமாவது குறைத்தது உழவாரப்பணிதான். மாதம் ஒரு ஞாயிறு, ஏதாவது சிவன் கோயிலில் புல் செதுக்கிப் பிரகாரம் கழுவும் வேலை. நீங்களும் போகலாம். ஆனால் போகிற விதம் ஒன்று இருக்கிறது.

உங்களைத் தெரியாத ஊர்க் குழுவாகப் பார்த்துச் சேருங்கள். பெயர் கேட்டால் பெயரை மட்டும் சொல்லுங்கள். நான் முதல் நாளே ‘ரிட்டயர்டு எச்.எம்.’ என்று சொல்லித் தொலைத்தேன். உடனே நாற்காலி வந்துவிட்டது. உட்கார்ந்தும் விட்டேன், அன்றைய பணி அதோடு போச்சு.

அப்புறம், கொடுத்த வேலையைச் சொன்னபடி செய்யுங்கள். எங்கள் குழுவை நடத்துகிற தம்பி பெயின்ட் அடிப்பவர், இருபத்தைந்து வயதுதான் இருக்கும். மதில் இடுக்கில் முளைத்த அரசங்கன்றை நான் வெடுக்கென்று இழுக்க, அது பாதியில் முறிந்தது. “ஐயா, மேல கிள்ளுனா மறுபடி துளிர்க்கும். தண்ணி ஊத்தி ஊறவிட்டு வேரோட எடுக்கணும்” என்றார். அரச வேர் பருத்தால் கல்லையே பிளந்துவிடும், எனக்குத் தெரியாதா? பதில் நாக்கு நுனி வரை வந்தது. “சரி தம்பி” என்றேன். அந்த இரண்டு வார்த்தைக்குத்தான் அன்று நிஜமாகவே வியர்த்தது. அடுத்த முறை போனபோது, நான் முறித்த இடத்தில் இரண்டு இலை விட்டிருந்தது.

போனைப் பையிலேயே வையுங்கள். துடைப்பத்தோடு ஒரு படம் போட்டுவிட்டு, நாள் முழுக்க லைக் எண்ணியவன் சொல்கிறேன்.

ஏழாம் நூற்றாண்டில் உழவாரம் என்ற புல் செதுக்கும் கருவியோடு ஊர் ஊராக நடந்தவர், தேவாரம் பாடிய அப்பர். திருப்பூந்துருத்திக்குப் பல்லக்கில் வந்த சம்பந்தர் “அப்பர் எங்கே?” என்று கேட்டபோது, அந்தப் பல்லக்கைச் சுமந்தவர்களுக்கு நடுவிலிருந்து அப்பருடைய பதில் வந்தது என்கிறது பெரியபுராணம். சம்பந்தர் கேட்காமல் இருந்திருந்தால் அப்பர் தன் பாட்டுக்குச் சுமந்துகொண்டே போயிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நாலைந்து மாதத்தில் ‘என்னைப் போலப் பணிவு யாருக்கு வரும்’ என்ற நினைப்பு வரும். எனக்கு வந்தது. மூட்டை மூட்டையாகக் குப்பை அள்ளியது நான்தானே! அந்த மாதம் வெளியே செருப்புக் காவலைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே நடப்பது எதுவும் தெரியாது, உங்களையும் யாரும் பார்க்க மாட்டார்கள். நான் மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். சாமி கும்பிட்டு வந்த ஒரு பெண், செருப்பை மாட்டிக்கொண்டு ஐந்து ரூபாயை நீட்டினாள். ‘நான் யார் தெரியுமாம்மா’ என்று தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டு வாங்கி, உண்டியலில் போட்டேன். போடும்போது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன்.