ஒரு சுற்றுக்கு ஒரே நூல்: தாண்டல் பின்னலில் இரட்டை நிறக் குல்லா

தில்லியில் ஊசி பிடிக்கக் கற்றவர்கள் வாயில் சீதா (நேர்ப் பின்னல், ஆங்கிலத்தில் நிட்), உல்டா (எதிர்ப் பின்னல், பர்ல்) என்ற சொற்கள்தான் வரும். இங்கும் அப்படியே. ஊசியில் நிற்கும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி. தாண்டல் என்பது கண்ணியைப் பின்னாமல் இடது ஊசியிலிருந்து வலது ஊசிக்கு அப்படியே மாற்றுவது.

இரண்டு நிறம் என்றதும் இரண்டு நூலையும் ஒன்றாகப் பிடிக்க வேண்டுமே என்று தயங்க வேண்டாம். ஒரு சுற்றில் ஒரு நூல்தான் ஓடும். தாண்டிய பழைய நிறக் கண்ணி நீண்டு மேலேறி, புது நிறத்தின் நடுவே பொட்டு வைத்தாற்போல் நிற்கும். வட்டமாகப் பின்னும்போது நல்ல பக்கமே எப்போதும் நம்மைப் பார்த்திருப்பதால், அச்சடித்த டிசைனில் உள்ள உல்டா வரிசைகளும் சீதாவாகிவிடும். தட்டையாகப் பின்ன எழுதிய டிசைன் என்றால் இரு ஓரங்களிலும் உள்ள கூடுதல் கண்ணிகளை விட்டுவிடுங்கள். டிசைன் கட்டப்படமாக இருந்தால் அதன் எல்லா வரிகளையும் வலமிருந்து இடமாகவே படியுங்கள்.

பெரியவர்களுக்கான குல்லாவுக்கு 8 எண் ஊசிக்குப் பொருந்தும் உல்லன், நிறத்துக்கு 50 கிராம் போதும். 8 எண் என்பது 4 மி.மீ.; விளிம்புக்கு 10 எண், அதாவது 3.25 மி.மீ. நம் ஊர் கணக்கில் எண் கூடக்கூட ஊசி மெலியும். வட்ட ஊசியின் (வளையும் கம்பியால் இணைந்த இரு முனை ஊசி) நீளம் 40 செ.மீ. இருக்கட்டும். நிறத்தைத் தேர்ந்ததும் இரண்டு உருண்டையையும் சேர்த்து வைத்து மொபைலில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் டிசைன் எடுபடாது. அடர் சிவப்போடு வெள்ளை சேர்ப்பதாக இருந்தால், முதலில் ஈர வெள்ளைத் துணியால் சிவப்பைத் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள்.

மாதிரித் துண்டு போடாமல் ஆரம்பிக்காதீர்கள். தாண்டல் துணி சாதாரண சீதாத் துணியைவிட இறுகும், உயரத்தில் குறுகும், குறைவாகவே இழுபடும். வட்ட ஊசியில் 40 கண்ணி போட்டு, வரிசை முடிந்ததும் திருப்பாமல் கண்ணிகளை மறுமுனைக்குத் தள்ளி, நூலைப் பின்பக்கம் தொளதொளவென்று கொண்டுவந்து, கீழே வரும் தாண்டல் டிசைனையே மறுபடி நல்ல பக்கத்தில் பின்னுங்கள். 10 செ.மீ.க்கு 21 கண்ணி வந்தால், 55 செ.மீ. தலைக்கு 5 செ.மீ. குறைத்து 50 செ.மீ. என்று வைத்தால் 105 வரும். டிசைன் 4-ன் மடங்கு என்பதால் 104.

இரு நிறங்களில் ஒன்றை அ, மற்றதை ஆ என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 எண் ஊசியில் 104 கண்ணி ஏற்றி, முறுக்கு விழாமல் வட்டமாகச் சேர்த்து, 2 சீதா 2 உல்டா என்று 4 செ.மீ. பின்னுங்கள். முறுக்கு விழுந்தால் பின்னால் சரிசெய்யவே முடியாது. பிறகு 8 எண் ஊசிக்கு மாறி அ நிறத்தில் 2 சுற்று சீதா. அடுத்து:

1, 2 சுற்று, ஆ நிறம்: 3 சீதா, 1 தாண்டல், இதையே சுற்று முழுக்க.
3, 4 சுற்று, அ நிறம்: 1 சீதா, 1 தாண்டல், 2 சீதா, இதையே சுற்று முழுக்க.

ஒவ்வொரு நிறத்தின் இரண்டாவது சுற்றிலும் தாளைப் பார்க்க வேண்டியதில்லை. கையிலுள்ள நூலின் நிறக் கண்ணியைப் பின்னுங்கள், மற்ற நிறத்தைத் தாண்டுங்கள்.

தாண்டும்போது உல்டா போடுவதுபோல் ஊசியை வலப்பக்கமிருந்து நுழையுங்கள். சீதா மாதிரி நுழைத்தால் கண்ணி முறுக்கிக்கொள்ளும். நூல் துணியின் பின்னால் இருக்கட்டும். முன்னால் வந்தால் பொட்டின் மேல் கோடு விழும்.

பெரும்பாலும் கெடுவது இழுவையில்தான். தாண்டிய கண்ணிக்குப் பின்னால் ஓடும் நூல் சுருங்கினால் குல்லா தலையில் ஏறாது. அடுத்த சீதாவுக்கு முன் வலது ஊசியில் இருக்கும் நாலைந்து கண்ணிகளைக் கட்டைவிரலால் லேசாகப் பரத்திவிட்டுப் பின்னுங்கள். பின்நூல் நேராகப் படிய வேண்டும், வளையமாகத் தொங்கக் கூடாது. சுற்று ஆரம்பத்திலும் கவனம் தேவை. ஆ சுற்றில் கடைசிக் கண்ணி தாண்டல் என்பதால் நூல் ஒரு கண்ணி முன்னாலேயே நின்றுவிடும். அங்கிருந்து இரண்டு சுற்று மேலேற வேண்டும் என்பதால் கொஞ்சம் தளர்வு விடுங்கள். புது நூலை எப்போதும் பழையதின் அடியிலிருந்தே எடுங்கள். அந்த இடத்தில் படி போல ஒரு சின்ன விலகல் தெரியும். பிடரிப் பக்கம் வைத்துக்கொண்டால் போதும்.

தாண்ட வேண்டியதைப் பின்னிவிட்டீர்களா? முழுச் சுற்றையும் பிரிக்காதீர்கள். அந்த ஒரு கண்ணியை மட்டும் பழைய நிறம் வரை இறக்கி, குரோஷா ஊசியால் பழைய வளையத்தைப் பிடித்து, அவிழ்ந்த நூல்களைப் பின்னால் தள்ளி, வளையத்தை ஊசியில் ஏற்றுங்கள்.

விளிம்போடு சேர்த்து 14 செ.மீ. வந்ததும் அ நிறம் மட்டும்: 11 சீதா, 2 கண்ணி சேர்த்து 1 சீதா, இப்படி 8 முறை. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, குறைப்புக்கு முந்தைய சீதாவில் ஒன்றைக் குறைத்துக்கொண்டே போய் 40 கண்ணி ஆனதும், ஒவ்வொரு சுற்றிலும் குறைத்து 8-க்கு வாருங்கள். கண்ணி வட்ட ஊசிக்குப் போதாதபோது இருமுனை ஊசிகளுக்கு மாறுங்கள். நூலை வெட்டி 8 கண்ணியிலும் கோத்து இறுக்கிக் கட்டுங்கள். அக்ரிலிக் உல்லன் என்றால் இஸ்திரி வைக்காதீர்கள். நனைத்து, பிழியாமல், துண்டில் ஒற்றிப் படுக்கவைத்துக் காயவிடுங்கள்.