சூடேறும் கடலில் பாசி போடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன பங்குனியில் எங்கள் கரையில் மூன்று பையன்கள் கடல்பாசி வளர்க்க மூங்கில் மிதவை கட்டிக்கொண்டிருந்தார்கள். மூவரும் விசைப்படகுத் தொழிலாளர்கள். ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் 61 நாளுக்குப் படகு இறங்காது. அதற்குள் பாசி போட்டு ஒரு வெட்டு, அதாவது ஒரு அறுவடை, எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். பல வருஷத்துக்கு முன்னால் நானும் என் வீட்டுக்காரரும் இதே கரையில் நின்று இதே கணக்கைத்தான் போட்டோம். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தின் வடக்குக் கடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், பாசி வளர்ப்புதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. புதிதாக வருகிறவர்கள் கயிறு முடிச்சில் தடுமாறுவார்கள், நங்கூரத்தைச் சரியாகப் போட மாட்டார்கள், ஓரா மீன் கடிக்காமல் மிதவைக்கு அடியில் வலை கட்ட மறப்பார்கள். அதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. ஒரே மாதத்தில் கடலே கற்றுக் கொடுத்துவிடும், நட்டமும் கையைக் கடிக்காது. கடல் சூடேறிப் பருவம் முன்னே பின்னே போகிற இந்தக் காலத்தில் குடும்பத்தையே கவிழ்க்கிற தவறுகள் வேறு.

தடைக்காலத்தில் தொடங்குவது

ஆளுக்கு வேலை இல்லாத மாதம் பாசிக்கும் ஆகாத மாதம். சித்திரையிலும் வைகாசியிலும் வடக்குக் கடலில் காற்று விழுந்துவிடும். தண்ணீர் அசையாமல் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். கரையோரம் இடுப்பளவு ஆழம்தான் என்பதால் மதிய வெயிலில் அடி மண் வரைக்கும் சுடும். நாங்கள் வளர்க்கிற கப்பாபைகஸ் பாசிக்கு 25 முதல் 30 டிகிரி வரை சுகமாக இருக்கும். அதைத் தாண்டிச் சூடு நின்றால் முதலில் கிளை நுனி வெளுக்கும். அப்புறம் நடுத்தண்டு இளகி, கயிற்றைத் தொட்டதும் துண்டு துண்டாகக் கழன்று விழும். இதற்கு ஐஸ்-ஐஸ் நோய் என்று பெயர். சூட்டில் சோர்ந்த பாசியில் பாக்டீரியா எளிதாக ஏறிவிடுகிறது. மருந்து கிடையாது.

மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் வெளுத்த 2010, 2016, 2024ஆம் ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். பவளத்தை வெளுக்க வைக்கிற கோடைச் சூடுதான் பாசியையும் வெளுக்க வைக்கிறது.

அந்தப் பையன்களிடம் சொன்னேன்: "தம்பி, ஆடியில் வாங்க, விதை நானே தர்றேன்." இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் மட்டும் கேட்கவில்லை. வைகாசி முடிவதற்குள் அவர் மிதவையில் வெறும் கயிறுதான் இருந்தது.

விதையை விற்பது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இந்த ஒரு தவறைக் கண்டால் எனக்கு ஆறாது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை ஒன்று. அதில் 60 கிலோ விதைப்பாசியைக் கிளை கிளையாக ஒடித்துக் கயிற்றில் கட்டுகிறோம். 45 நாளில் நன்றாக வந்தால் 260 கிலோ இருக்கும். அதில் 60 கிலோவை எடுத்து மறுபடி கட்டிவிட்டு 200 கிலோவைக் காயப்போட வேண்டும். பத்துக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஒரு கிலோ ஆகும். ஆக, ஒரு மிதவைக்கு 20 கிலோ காய்ந்த பாசி. ஒரு ஆளுக்கு 45 மிதவை, நாளைக்கு ஒன்று வெட்டு என்று இந்தத் தொழிலை வகுத்ததும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இப்போது அந்த 60 கிலோ விதையையும் சேர்த்துக் காயப்போட்டால் கூடுதலாக என்ன கிடைக்கும்? ஆறு கிலோ. ஆறு கிலோ காய்ந்த பாசிக்காக அடுத்த 260 கிலோவைக் கொடுத்துவிடுகிறோம்.

என் தாத்தா ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் மானாவாரியில் நெல் விதைத்தவர். மழை பொய்த்த வருஷங்களில் வீட்டில் கஞ்சிக்கே வழி இருக்காது. அப்போதும் விதைநெல்லை வைக்கோலில் கட்டி வைத்த விதைக்கோட்டையைப் பிரிக்க விடமாட்டார். அந்த வீட்டில் வளர்ந்த நான்தான் விதையை விற்றேன்.

2013, 2014 வாக்கில் மண்டபம் சுற்றுவட்டாரம் முழுக்கப் பாசி செத்தது பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கோடையில் எங்களுக்கு 45 மிதவை இருந்தது. நுனி வெளுக்க ஆரம்பித்ததும் பாசி எடுக்கிற வியாபாரி கரைக்கு வந்தார். "மதினி, சூடு ஏறுது. இருக்குறத எல்லாம் வெட்டிக் குடுத்துருங்க. செத்துச்சுன்னா ஒண்ணும் மிஞ்சாது" என்றார். வெட்டச் சொன்னதில் தப்பில்லை. சூடு வரும்போது சீக்கிரம் வெட்டுவதுதான் சரி. ஆனால் எங்களுக்குக் கடன் தவணை இருந்தது, பள்ளிக்கூடம் திறந்தால் மகளுக்குப் பணம் கட்ட வேண்டும். விதையையும் சேர்த்து வெட்டினோம். நான்கே நாளில் கரை முழுக்கப் பாசி காய்ந்தது. பணம் கைக்கு வந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆனியில் காற்று எடுத்துத் தண்ணீர் ஆறியது. மறுபடி கட்டலாம் என்று விதை கேட்டுப் போனோம். முனைக்காடு, வேதாளை, தங்கச்சிமடம், பாம்பன் என்று ஒரு கரை விடாமல் அலைந்தோம். பாதிப் பேருடைய விதை செத்திருந்தது, மீதிப் பேர் எங்களைப்போல விற்றிருந்தார்கள். கொஞ்சம் வைத்திருந்தவர்கள் கேட்ட விலை எங்களால் கொடுக்க முடியாதது. அவர்கள் மேல் குறை சொல்ல மாட்டேன், காப்பாற்றி வைத்தது அவர்கள்தானே. என் வீட்டுக்காரர் வேறொருவர் படகில் கூலிக்குப் போனார். நான் கருவாடு காயவைக்கப் போனேன். 45 மிதவை மூங்கிலும் கரையில் கிடந்து வெயிலில் வெடித்தது.

நெல் விதையையாவது கோட்டை கட்டி வைக்கலாம். பாசி விதைக்கு அந்த வழியே இல்லை. வெட்டிய கிளைதான் விதை, அது உயிரோடு இருக்க முடிவது தண்ணீரில் மட்டும். 1984இல் ஜப்பானிலிருந்து குஜராத்தின் ஓகாவுக்கு வந்து, 1995இல் மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்ட பாசி இது. அதைத்தான் நாம் கிளை கிளையாக ஒடித்து இத்தனை வருஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறோம். எல்லாம் ஒரே தாயின் பிள்ளைகள். ஒன்றுக்கு ஆகாத சூடு எதற்குமே ஆகாது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் சென்ற வருஷம் பக்கத்து ஊர்க் குழுப் பெண்கள் அதையே செய்தார்கள். பங்குனியில் நேரில் போய், விதை மிதவையைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனியில் போன் வந்தது. "அக்கா, விதை கொஞ்சம் கிடைக்குமா?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. வைக்கச் சொன்னேனே என்றேன். "தவணை கட்டணும்ல அக்கா" என்றாள் அந்தப் பிள்ளை. அதற்கு மேல் திட்ட வாய் வரவில்லை.

உண்மையான முடிச்சு அங்கேதான் இருக்கிறது. தவணை மாதாமாதம் வருகிறது, பாசி மாதாமாதம் வருவதில்லை. கடன் வாங்கும்போதே சித்திரை, வைகாசிக்கும் ஐப்பசி, கார்த்திகைக்கும் தவணையைத் தள்ளிக் கட்டலாமா என்று கேளுங்கள். முடியாது என்றால் மாசி வெட்டில் வருகிற பணத்திலிருந்து இரண்டு தவணையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் மீதியைத் தொட வேண்டும்.

விதையை வைக்கிற முறையிலும் பலர் கோட்டை விடுகிறார்கள். நல்ல பாசியை விற்றுவிட்டு, ஒடிந்ததையும் மெலிந்ததையும் விதைக்கு ஒதுக்குகிறார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும். நுனி மினுமினுப்பாக, ஒடித்தால் படக்கென்று ஒடிகிற இளங்கிளைதான் விதை. 45 மிதவை இருந்தால் ஐந்து உங்களுடையது இல்லை என்று முதல் நாளே நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்தையும் ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். இரண்டை ஒரு பக்கமும் மூன்றை நீரோட்டம் உள்ள ஆழமான பக்கமும் நிறுத்தி, வெயில் காலத்தில் கயிற்றைத் தணித்துக் கட்டுங்கள். மேல் தண்ணீர் சுடும்போது கீழே கொஞ்சம் குளுமை இருக்கும். ஐந்து மிதவை பிழைத்தால் போதும். ஒரு சுற்றில் ஐந்து இருபதாகும், அடுத்த சுற்றில் 45ஐத் தாண்டும். தொண்ணூறு நாளில் யாரிடமும் கை ஏந்தாமல் பழைய நிலைக்கு வந்துவிடலாம்.

போன நட்டத்தை எடுக்க மிதவையைக் கூட்டுவது

வேண்டாம். சூடு 45ஐயும் கொல்லும், 90ஐயும் கொல்லும். கடன்தான் இரட்டிப்பாகும்.

வாடைக்குத் தெற்கே இழுப்பது

ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று வந்தால், பெண் கடல் என்று நாங்கள் சொல்லும் வடக்குக் கடலும் பொல்லாததாகிவிடும். கூடவே மழைத் தண்ணீர் கலந்து கடலில் உப்பு குறையும், பாசிக்கு அதுவும் ஆகாது. 2020 டிசம்பரில் புரெவி புயல் நம் மாவட்டக் கரைக்குப் பக்கத்தில் மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்றதே, அந்த மாதிரி நேரத்தில் மிதவையைத் தெற்குக் கடலில் மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குப் பக்கம் ஒதுக்கலாமா என்று கேட்கிறார்கள்.

கூடாது. அங்கே 21 தீவுகளும் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்வாழ் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. இந்தப் பாசியைப் பாக் நீரிணைப் பக்கமும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும்தான் வளர்க்கலாம் என்று 2005இலேயே அரசாணை வந்துவிட்டது. சட்டத்தை விடுங்கள், குருசடைத் தீவில் இந்தப் பாசி பவளத்தின் மேல் படர்ந்து மூடியதை நம் ஆட்களே பார்த்திருக்கிறார்கள். பவளம் போனால் மீன் போகும். நம் அண்ணன் தம்பிமார் அந்த மீனை நம்பித்தான் கடலுக்குப் போகிறார்கள். வாடை தொடங்குவதற்கு முன்னால் வெட்டி, மூங்கிலைக் கரையேற்றி, விதையை மட்டும் வலைக்குழாயில் போட்டு மறைவான இடத்தில் காப்பாற்றுவதுதான் வழி.

மணலில் காயப்போடுவது

முன்பெல்லாம் பங்குனி வெயிலை நம்பி மணலிலேயே விரிப்போம். இப்போது கோடையிலும் சொல்லாமல் மழை கொட்டுகிறது. வாலிநோக்கத்து உப்பளக்காரர்களைக் கேளுங்கள், ஒரு மழையில் பாத்தி உப்பு கரைந்து போகிற கதையைச் சொல்வார்கள். காய்கிற பாசி மேல் மழை விழுந்தாலும் உப்பும் சத்தும் கழுவிப்போய் வெளுத்துவிடும், வாங்குகிறவர் தரம் இல்லை என்று தள்ளிவிடுவார். கருவாடு போடுகிற பெண்கள் பல ஊர்களில் பரணுக்கு மாறிவிட்டார்கள். இடுப்பு உயரத்தில் கம்பு நட்டு வலை கட்டினால் பாசிக்கும் அது போதும். பக்கத்திலேயே ஒரு தார்ப்பாய் தயாராக இருக்கட்டும்.

கார்பன் காசை நம்புவது

பாசி கரியை உறிஞ்சுகிறது, அதற்குத் தனியாகப் பணம் வரும் என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் முன்பணம் கொடுக்காதீர்கள், வெற்றுத்தாளில் கையெழுத்தும் போடாதீர்கள். 45 நாளில் வெட்டிப் பற்பசைக்கும் ஐஸ்கிரீமுக்கும் போகிற பாசியில் கரி எத்தனை நாள் தங்கும்? இன்றைக்கு நம் வருமானம் காய்ந்த பாசியிலும், பயிருக்குத் தெளிக்கிற பாசிச் சாற்றிலும்தான்.

பூங்கா வரட்டும் என்று உட்கார்ந்திருப்பது

வளமாவூரில் 127.71 கோடி ரூபாயில் கடல்பாசிப் பூங்கா என்று 2023இல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். நல்ல விதை நமக்கு அங்கிருந்து கிடைத்தால் நானே முதல் ஆளாக வரிசையில் நிற்பேன். அதுவரைக்கும் விதை உங்கள் பொறுப்பு.

தண்ணீரைத் தொட்டுப் பார்த்துச் சூடு சொல்வது

கை ஏமாற்றும். ஒரு தெர்மாமீட்டரும் ஒரு நோட்டும் வாங்குங்கள். விடிந்ததும் ஒரு தரம், மதியம் இரண்டு மணிக்கு ஒரு தரம் மிதவைக்குப் பக்கத்தில் தண்ணீரைப் பார்த்துத் தேதி போட்டு எழுதுங்கள். எங்கள் வீட்டில் இப்போது மகள்தான் எழுதுகிறாள். மூன்று நாள் தொடர்ந்து மதியம் 31ஐத் தாண்டினால் மறுநாள் விடியும்போது வெட்டு ஆரம்பம். அதற்கு முந்தின நாள் சாயங்காலமே ஐந்து விதை மிதவைகளில் கரையோரம் நிற்கிற இரண்டையும் வல்லத்தில் கட்டி ஆழத்துக்கு இழுத்துப் போய்விடுவோம்.