புதுக் கத்தியில் துருவும் குழியும்: மூன்றாவது தடவையில் நான் கற்றுக்கொண்டது

வாங்கிப் பன்னிரண்டு நாள்கூட ஆகாத மடக்குக் கத்தி. (எங்கள் பக்கத்தில் பிச்சாத்தி என்று சொன்னால்தான் கத்தி கைக்கு வந்த மாதிரி இருக்கும்.) மரப்பிடி, கார்பன் ஸ்டீல் அலகு, நல்ல கூர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குமரி மாவட்டத்து முட்டம் கடற்கரைப் பாறைக்குத் தூண்டில் போடப் போனபோது எடுத்துப் போனேன். இரைக்குச் சாளை நறுக்கினேன், தங்கூசி (தூண்டில் நரம்பு) அறுத்தேன். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, கைலியில் துடைத்து, தோல் உறையில் செருகி அலமாரியில் வைத்தேன். புதன்கிழமை எடுத்துப் பார்த்தால் அலகின் மேல் மிளகாய்த்தூளைச் சிந்தினாற்போல் துரு.

தேய்த்து எண்ணெய் பூசினேன். ஒரே வாரத்தில் அதே புள்ளிகளில் மறுபடி வந்தது. அடுத்து ஒரு வீடியோவை நம்பி வினிகரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். துருவாவது தேய்த்தால் போகும், இது அலகையே சாம்பல் நிறமாக அரித்து, கூர்மையையும் தின்றுவிட்டது. மூன்றாவது தடவை செய்தது பலித்தது. அதைத்தான் கீழே எழுதுகிறேன்.

துருவா, கறையா?

மாங்காயோ நேந்திரங்காயோ நறுக்கினால் கார்பன் ஸ்டீல் சாம்பல், நீலம், கறுப்பு என்று நிறம் மாறும். அது துரு இல்லை, விட்டுவிடுங்கள். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைத்துப் பாருங்கள். துணியில் செம்மஞ்சள் ஒட்டினால் துரு. ஒட்டாமல், நகத்தால் தடவும்போது வழவழப்பாக இருந்தால் வெறும் கறை. நகம் எங்காவது தட்டினால் அங்கே குழி விழுந்துவிட்டது. பிட்டிங் என்று சொல்வது இதைத்தான்.

தேவையானவை

பெயின்ட் கடையில் கிடைக்கும் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள்) 600, 1000, 2000 என்று ஒவ்வொரு தாள், எண் கூடக்கூடத் தாள் நைசாகும். பழைய டூத் பிரஷ், ஈர்க்குச்சி, கொஞ்சம் வினிகர், சமையல் சோடா, தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய். எல்லாவற்றையும்விட முக்கியம், நல்ல தண்ணீர். அதற்குக் கீழே வருகிறேன்.

இரும்பு நார் வேண்டாம். என் அனுபவத்தில் அது கோடு போடுகிறது, குழிக்குள் இறங்குவதே இல்லை. கடற்கரை மணலும் வேண்டாம். பக்கத்து மணவாளக்குறிச்சி மணலில் கார்னெட் என்ற கடினமான கனிமம் இருக்கிறது, உப்புத்தாளிலேயே அதை ஒட்டுகிறார்கள், அதனால் சும்மா கிடைக்கிற மணலில் தேய்த்தால் போதும் என்று எனக்கும் ஒரு புத்திசாலித்தனமான யோசனை வந்தது. ஆனால் அந்த மணலோடு உப்பும் சேர்ந்து வருகிறது. பாட்டி மண் போட்டுத் தேய்த்தது வெண்கலப் பானையை.

தேய்ப்பது

கத்தியை விரித்து, அலகை ஒரு பலகையின் மேல் தட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். பூட்டு இருந்தால் போட்டுவிடுங்கள். கூரான வாய்ப்பக்கத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். இதைச் செய்யாமல் ஆரம்பித்தவனின் கட்டைவிரல் தழும்பு சொல்கிறது, கேளுங்கள். 600 தாளை ஒரு அழிரப்பரில் சுற்றி, எண்ணெய் தொட்டு, பிடியிலிருந்து முனையை நோக்கி ஒரே திசையில் தேய்க்க வேண்டும். வட்டமாகத் தேய்க்காதீர்கள். அப்புறம் 1000, பிறகு 2000. மேல் துரு பத்து நிமிடத்தில் போய்விடும். கறுப்புப் புள்ளிகள் மட்டும் மிஞ்சும்.

அந்தப் புள்ளிகள் மறையும்வரை தேய்த்துக்கொண்டே போகாதீர்கள். குழியின் ஆழத்துக்கு அலகு முழுவதையும் தேய்த்தால் கத்தி மெலிந்துவிடும். குழி இருந்துவிட்டுப் போகட்டும், துரு இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

குழிக்குள் இருக்கும் துரு

டிஷ்யூத் தாளைச் சிறு துண்டாகக் கிழித்து, வினிகரில் நனைத்து, புள்ளியின் மேல் மட்டும் ஒட்டுங்கள். பத்து நிமிடம் போதும், ராத்திரி முழுக்க வேண்டாம். எடுத்துவிட்டு ஈர்க்குச்சியின் நுனியைச் சீவிக் குழியைக் குடையுங்கள். ஊசியைவிட ஈர்க்கு நல்லது, இரும்பைக் கீறாது. கறுப்புச் சேறு மாதிரி வரும். இரண்டு மூன்று தடவை செய்தால் அது குறைந்துவிடும். கடைசியில் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவினால் மிச்சப் புளிப்பு அடங்கும்.

உப்பை இறக்குவது (நான் மாட்டிக்கொண்ட இடம்)

இரண்டு தடவை தோற்ற பிறகு கத்தியை என் மாமாவிடம் காட்டினேன். வள்ளங்களின் அவுட்போர்டு எஞ்சின் பழுது பார்த்தே வாழ்க்கையை ஓட்டியவர். துருவை அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "மக்கா, எந்தத் தண்ணீல கழுவின?" என்றார்.

"போர் தண்ணீலதான் மாமா."

"அப்ப கடல்லயே கழுவியிருக்கலாமே."

எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். போர் தண்ணீர் கரிக்கும். பல் தேய்க்கும்போது தினமும் தெரிகிற விஷயம், கத்தி கழுவும்போது மறந்துபோயிற்று. கடலில் ஓடிய எஞ்சினை மாமா நல்ல தண்ணீர் விட்டு அலசாமல் நிறுத்தமாட்டார். நானோ உப்பை உப்பால் கழுவி, மேலே எண்ணெய் பூசி மூடி வைத்திருக்கிறேன்.

ஆடி மாதத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து நீராகிவிடும். நம் கரையோரத்தில் அந்த அளவு சாதாரணம், பற்றாக்குறைக்கு இரண்டு பருவமழையும் வந்து போகிற மாவட்டம். குழிக்குள் உப்பு கொஞ்சம் தங்கியிருந்தாலும் அந்தக் குழி தானாகவே நனைந்துகொள்ளும். குழியின் அடியில் பிராணவாயு குறைவு. அங்கே இரும்பு கரையக் கரைய, உப்பிலிருக்கும் குளோரைடு உள்ளே இழுபட்டுச் சேர்ந்து அந்த இடத்தையே அமிலமாக்கிவிடும். அமிலம் இன்னும் இரும்பைக் கரைக்கும். துரு அகலமாகப் பரவாமல் ஆழமாக இறங்குவது இதனால்தான். மேலே எண்ணெய் பூசினால் இது நிற்காது.

கடலுக்கடியிலிருந்து எடுக்கிற பழைய இரும்புப் பீரங்கிகளை மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், காரநீரில் ஊறவைத்து நீரை மாற்றி மாற்றி உப்பை வெளியே இழுக்கிறார்கள். நாம் செய்யப்போவது அதன் குட்டி வடிவம்.

ஒரு உயரமான எவர்சில்வர் டம்ளரில் கொதிக்கக் கொதிக்க நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். குடிக்கிற தண்ணீர், இல்லையென்றால் பிடித்து வைத்த மழைத்தண்ணீர். முதல் டம்ளரில் மட்டும் அரை ஸ்பூன் சமையல் சோடா போடுங்கள். அலகை மட்டும் உள்ளே விட்டு, பிடி வெளியே இருக்கும்படி வையுங்கள், மரம் நனைந்தால் ஊதிப்போகும். பத்து நிமிடம் கழித்து எடுத்து, டூத் பிரஷால் குழிகளைத் தட்டித் தேய்த்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். இப்படி ஐந்து தடவை. அலுப்பான வேலைதான், நான் ரேடியோ கேட்டுக்கொண்டே செய்தேன். கொதிநீரில் கத்தியின் பதம் போகாது. அடுப்புத் தீயில் நேராகக் காட்டினால் போய்விடும், அதைச் செய்யாதீர்கள்.

மிச்சமிருந்த சிவப்பு, கொதிநீரில் கறுப்பாக மாறினால் பயப்பட வேண்டாம். செந்துரு கருந்துருவாக மாறுகிறது, அது நல்லதுதான். துப்பாக்கிக் குழல்களுக்கு நிறமேற்றும் பழைய முறை ஒன்றில் வேண்டுமென்றே துருப்பிடிக்க வைத்து, கொதிநீரில் போட்டுத்தான் கறுப்பாக்குகிறார்கள்.

உப்பு போயிற்றா என்று எப்படித் தெரியும்? துடைத்து, எண்ணெய் பூசாமல் ஒரு ராத்திரி வீட்டுக்குள் வையுங்கள். காலையில் பழைய புள்ளிகளில் மட்டும் ஆரஞ்சு தலைகாட்டினால் உப்பு பாக்கி இருக்கிறது. மறுபடி டம்ளர். எனக்கு இரண்டு சுற்று தேவைப்பட்டது.

காயவைப்பது

மொட்டைமாடி வெயிலில் வைக்காதீர்கள், அங்கே அடிப்பது கடல்காற்று. துணியால் ஒற்றி எடுத்து, ஹேர் டிரையர் இருந்தால் மடங்கும் இடத்தில் இரண்டு நிமிடம் காட்டுங்கள். எங்கள் வீட்டில் அது இல்லை. சோறு வடித்த சூட்டோடு இருந்த அடுப்பு மேடையில் கொஞ்ச நேரம் வைத்தேன், காய்ந்துவிட்டது.

எண்ணெய்

இதில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. அலகுக்குத் தேங்காய் எண்ணெய், மடங்கும் ஆணிக்குத் தையல் மெஷின் எண்ணெய். பழம் நறுக்குகிற அலகில் மெஷின் எண்ணெய் எனக்கு ஒப்பவில்லை. நல்லெண்ணெய் நாளாக ஆகப் பிசின் மாதிரி இறுகும், கத்தி மடங்கவே அடம்பிடிக்கும். டபிள்யூடி 40 ஸ்பிரே ஈரத்தைத் தள்ள அருமையான சரக்கு, பெயரில் இருக்கிற டபிள்யூடிக்கே நீரை வெளியேற்றுவது என்றுதான் அர்த்தம். ஆனால் அதையே காவலுக்கு வைத்தால் நம் ஊர்க் காற்றில் ரொம்ப நாள் நிற்பதில்லை. அடித்து, துடைத்து, மேலே எண்ணெய் போடுங்கள்.

எண்ணெய் சொட்டக் கூடாது. சிரட்டையில் நாலு சொட்டு விட்டு, துணியில் தொட்டு, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பூசினால் போதும். மழைக்காலத்துக்கு இன்னும் ஒரு படி மேலே போகலாம். மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவர்களிடம் தேன்மெழுகு கிடைக்கும். ஒரு பங்கு மெழுகு, மூன்று பங்கு தேங்காய் எண்ணெய், சுடுதண்ணீரின் மேல் கிண்ணத்தை வைத்து உருக்கி ஆறவிட்டால் தைலம் மாதிரி ஆகிவிடும். நான் இப்போது இதைத்தான் பூசுகிறேன்.

உறை

தோல் உறையில் கத்தியை நிரந்தரமாக வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பதனிட்ட ரசாயனமும் அதில் இருக்கும். பழைய பனியன் துணியில் லேசாக எண்ணெய் தடவிச் சுற்றி, அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். உறையில் இப்போது ஸ்குருடிரைவர் குடியிருக்கிறது.

பிற்சேர்க்கை 1: "நீங்கள் சொன்ன மாதிரியே செய்தேன், இரண்டே நாளில் திரும்ப வந்துவிட்டது" என்று ஒருவர் எழுதியிருந்தார். வினிகருக்குப் பதிலாக என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். புளியாம். குத்துவிளக்கு தேய்க்கிற பழக்கம். வீட்டுப் புளியை உப்புப் போட்டுத்தானே பானையில் அடைத்து வைக்கிறோம்? வினிகர் இல்லையென்றால் எலுமிச்சைச் சாறு போதும், ஊறுகாய் எலுமிச்சை இல்லை.

பிற்சேர்க்கை 2: ஸ்டெயின்லெஸ் கத்தியிலும் புள்ளி வருகிறது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஏமாற்றியிருக்க வேண்டும் என்பதில்லை. குரோமியம் 10.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஸ்டெயின்லெஸ் என்பார்கள். அந்தக் குரோமியம் போடுகிற மெல்லிய படலத்தைக் குளோரைடு அங்கங்கே ஓட்டை போடும். ஈரமான உறைக்குள் காற்றுப் போகாமல் கிடந்தால் இன்னும் சுலபம். செய்முறை இதேதான், ஆனால் இரும்பு நாரால் ஒருபோதும் தேய்க்காதீர்கள். நாரின் துகள் அலகில் ஒட்டிக்கொண்டு அதுவே துருப்பிடிக்கும். பச்சை ஸ்கிரப்பர் போதும்.

பிற்சேர்க்கை 3: குழி கூரின் மேலேயே இருந்தால்? அலகின் நடுவில் இருக்கும் குழியால் ஒன்றும் குறையாது. கூரில் இருந்தால் சாணை பிடிக்கும்போது அந்த இடம் பல்லு மாதிரி உடையும். கல்லில் தண்ணீர் விட்டு, குழி தாண்டும்வரை பொறுமையாகத் தீட்ட வேண்டியதுதான். சக்கரத்தில் பிடிக்கக் கொடுப்பதாக இருந்தால் தண்ணீர் தொட்டுத் தொட்டுப் பிடிக்கிறவரிடம் கொடுங்கள். பொறி பறக்க உலர்ந்த சக்கரத்தில் வைத்தால் மெல்லிய வாய் நீலம் பாய்ந்து பதம் போய்விடும். என் கத்தியின் முனையருகே ஒரு குழி அப்படி இருந்தது, இரண்டு சாயங்காலம் பிடித்தது.

இப்போதும் முட்டத்துக்குப் போகிறேன். கூடவே அரை லிட்டர் பாட்டிலில் நல்ல தண்ணீர், பாறையிலேயே அலசித் துடைத்துவிட. அது குடிக்க இல்லை என்று கூட வருகிற பையன்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.