மினிமேப்பை மறைத்து விளையாடுவது எப்படி? ஓப்பன் வேர்ல்ட் கேம்களுக்கான ஹெச்யூடி செட்டிங்ஸ்

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 என்ற கௌபாய் விளையாட்டை முழுசாக முடித்த பலருக்கு அதிலுள்ள மலைகள் நினைவில் இருக்காது. கண் எப்போதும் இடது கீழ் மூலையில் இருக்கும் ரேடார் வட்டத்தில்தான் (மினிமேப், அதாவது குட்டி வரைபடம்) இருந்திருக்கும். அதில் வழி காட்டும் கோடு போன பக்கம் குதிரை போகும், அவ்வளவுதான். கோத்தகிரியில் வளர்ந்தவர்கள் ரங்கசாமி மலை எந்தப் பக்கம் தெரிகிறது என்பதை வைத்தே திசை சொல்லிவிடுவோம். விளையாட்டிலும் அப்படித்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஹெச்யூடி என்றால் விளையாடும்போது திரையின் மேல் மிதக்கும் வரைபடம், உயிர் அளவு, குறிகள் எல்லாம் சேர்ந்தது. தொடங்கும் முன் ஒரு விதி. எல்லாவற்றையும் ஒரேயடியாக அணைக்காதீர்கள். உடம்புக்குத் தானாகத் தெரியக்கூடியது (காயம், களைப்பு) திரையில் இருக்கட்டும். கண்ணால் தேட வேண்டியது (வழி, இலக்கு) திரையிலிருந்து போகட்டும். நின்டெண்டோவின் பிரெத் ஆஃப் தி வைல்ட் விளையாட்டில் ஹெச்யூடி மோடை 'ப்ரோ'வுக்கு மாற்றினால் இதே கணக்குதான்: உயிர் அளவைக் காட்டும் இதயங்கள் மட்டும் நிற்கும், மற்றதெல்லாம் மறைந்துவிடும். அதில் வேறு எதையும் தொட வேண்டியதில்லை.

சரி, ரெட் டெட் 2. செட்டிங்ஸில் டிஸ்பிளே போய் ரேடாரை 'ஆஃப்' செய்யுங்கள். பலர் இதைச் செய்துவிட்டு, பத்து நிமிடத்தில் வழி தெரியாமல் திரும்பவும் 'ஆன்' செய்துவிடுகிறார்கள். நானும் இங்கேதான் ரொம்ப நாள் சிக்கிக்கொண்டிருந்தேன். தீர்வு கன்ட்ரோலரிலேயே இருக்கிறது. டி-பேடின் (சிலுவை வடிவத் திசை பட்டன்கள்) கீழ் பட்டனை ஒரு தட்டுத் தட்டினால் ரேடார் சில நொடிகள் வந்துவிட்டுப் போகும். அதையே அழுத்திப் பிடித்தால் ஆஃப், காம்பஸ், ரெகுலர், எக்ஸ்பாண்டட் என்று நான்கும் வரும். பிசியில் இதற்கு இடது ஆல்ட். ஆக, மெனுவுக்குள் போகாமலே மாற்றிக்கொள்ளலாம். முதல் வாரம் காம்பஸில் வையுங்கள். திசை மட்டும் தெரியும், கோடு இருக்காது. பழகியதும் ஆஃப்.

பழகுவதற்கு நல்ல இடம், இரண்டாம் அத்தியாயத்தில் ஹார்ஸ்ஷூ ஓவர்லுக் முகாமிலிருந்து வாலன்டைன் ஊருக்குப் போகும் பாதை. முகாமுக்குக் கீழே ஓடுவது டகோடா ஆறு. அது தெற்கே போய் ஃப்ளாட் அயர்ன் ஏரியில் சேர்கிறது. ஆறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வாலன்டைனுக்கு ரயில் பாதையும் உண்டு. கூட்டுரோடுகளில் கைகாட்டிப் பலகைகள் இருக்கின்றன, குதிரையை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். அந்தப் பலகைகளைச் செதுக்கி வைத்தவர்களின் உழைப்பு அப்போதுதான் நமக்குப் புரிகிறது.

அடுத்து விட்சர் 3. இங்கே ஆப்ஷன் இருக்கும் இடமே சிக்கல். எல்லோரும் கேம்ப்ளேயில் தேடுகிறார்கள், அது வீடியோவுக்குள் ஹெச்யூடி என்ற தலைப்பில் இருக்கிறது. 2022 டிசம்பரில் வந்த பெரிய அப்டேட்டுக்குப் பிறகு, சும்மா சுற்றும்போது மினிமேப்பும் க்வெஸ்ட் (நமக்குத் தரப்படும் பணி) குறிப்பும் தானாக மறையும்படி வைக்கலாம். சண்டையிலும் விட்சர் சென்ஸை (தடயங்களைக் காட்டும் திறன்) அழுத்தும்போதும் அவை திரும்பி வரும். முழுக்க அணைப்பதைவிட இதுதான் மேல். காரணம், இந்த விளையாட்டின் க்வெஸ்ட்கள் பல இடங்களில் வரைபடக் குறியை நம்பியே எழுதப்பட்டிருக்கின்றன. எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று வசனத்தில் எப்போதும் சொல்ல மாட்டார்கள்.

ஹொரைசன் ஸீரோ டான் தான் என் பார்வையில் மற்ற எல்லோருக்கும் பாடம். ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியாக எப்போதும், டைனமிக், ஒருபோதும் இல்லை என்று வைக்கலாம். உயிர் அளவையும் ஆயுதத்தையும் டைனமிக்கில் விடுங்கள். பிஎஸ்4-இல் டச்பேடைத் தடவினால் மறைந்தவை கொஞ்ச நேரம் தெரியும். எல்டன் ரிங்கில் இவ்வளவு நுணுக்கம் கிடையாது. ஹெச்யூடியை 'ஆட்டோ'வில் வைத்தால் போதும்.

பின்சேர்க்கை: குன்னூரிலிருந்து ஒரு தம்பி, ஜிடிஏ 5-இல் ஹெச்யூடியை அணைக்க மாட் (விளையாட்டை மாற்றும், வெளியார் செய்த கோப்பு) போடலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம் தம்பி. செட்டிங்ஸில் டிஸ்பிளேயிலேயே ரேடாருக்கும் ஹெச்யூடிக்கும் தனித்தனி சுவிட்ச் இருக்கிறது. மாட் போட்ட விளையாட்டோடு ஆன்லைனுக்குள் போனால் கணக்கே முடங்கலாம்.

இன்னொன்று. ஓலெட் டிவி வைத்திருப்பவர்கள் என்னைப் போல ரசனைக்காக இல்லாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். மணிக்கணக்கில் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் மினிமேப், நாளடைவில் திரையில் தடமாகப் பதிந்துவிட வாய்ப்புண்டு. டிவியின் பிரகாசத்தையும் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.